சும்மா இருக்கிற அக்கவுண்ட்

ஆரணியிலிருந்து சேத்துப்பட்டு போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வேலை கெடச்சிட்ச்சிக்கா. ஆனா நான் ஒண்ணும் செய்ய வேணாம்," என்றான் தம்பி.

"அப்ப எதுக்குடா சம்பளம்?"

"என் பேங்க் அக்கவுண்ட் சும்மாதானே கீது. அத அவங்க யூஸ் பண்ணிக்குவாங்க, எனக்குக் கமிஷன். லோன் ஆப்ல வாங்கின கடன் தீந்துடும்."

"அவங்கன்னா யாரு?"

"டீக்கடையில பழக்கம். பேரு தெரியல, அண்ணான்னுதான் கூப்டுவேன்."

"அந்த அண்ணனுக்கு சொந்தமா அக்கவுண்ட் இல்லியாமா?"

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எவனையோ ஏமாத்தின பணம் உன் அக்கவுண்ட்ல வந்து வுழும். போலீஸ் உன்னத்தான்டா தேடிகினு வரும்."

"லோன்காரன் தெனம் அம்மாவுக்குப் போன் பண்ணி அசிங்கமா பேசறான்க்கா. படிச்சிட்டு சும்மா கீறேன், வேற இன்னா பண்றது?"

அவள் குரல் இறங்கியது. "கடன சேர்ந்து கட்டலாம். ஏடிஎம் கார்ட எங்கிட்ட குடு."

அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்தே குட்த்துட்டேன்க்கா. பின் நம்பரும் சொல்லிட்டேன்."

அக்கா எழுந்துவிட்டாள். "கண்டக்டர், வண்டிய நிறுத்துங்க!"

இருவரும் இறங்கினார்கள். பேருந்து நகர்ந்தபோது அவள் கார்டை முடக்கச் சொல்லி வங்கியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவன் பையிலிருந்த பாஸ்புக்கைப் பிரித்து, கணக்கு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தான்.