தொட்டில் தயார்

அதிகாரி: துபாஷி, அந்தத் தச்சனிடம் மறுபடி கேள். படகோட்டியிடம் ‘தொட்டில் தயார்’ என்று ஏன் சொன்னான்?

துபாஷி: தொட்டில் தயார்னு படகுக்காரன்கிட்ட சொன்னீராமே. அப்படின்னா என்னன்னு கேக்கறார்.

தச்சர்: துப்பாக்கி மச்சான். விடுதலைப் படைக்கு. துறைமுகக் கிடங்குல பெட்டி பெட்டியா...

துபாஷி: வாயை மூடு மாப்ளே! மச்சான்னு வேற கூப்பிடாதே. நம்ம பாஷையில அந்த ஆளுக்குத் தெரிஞ்சதே அந்த ஒரு வார்த்தைதான்.

அதிகாரி: என்ன சொல்கிறான்?

துபாஷி (அதிகாரியின் மொழியில்): தொட்டில் என்றால் தொட்டில்தானாம், ஐயா. மனைவி மாசமாக இருக்கிறாளாம். தலைச்சன். சந்தோஷத்தில் கண்டவனிடமெல்லாம் உளறியிருக்கிறான்.

அதிகாரி: அந்த நாலு வார்த்தைக்கு இவ்வளவு அர்த்தமா?

துபாஷி (அதிகாரியின் மொழியில்): எங்கள் மொழி சிக்கனமானது, ஐயா.

தச்சர்: என்ன ஓதறே அவன் காதுல? கிடங்குன்னு சொல்லு. தின்ன உப்புக்கு வஞ்சனை பண்ணாதே.

துபாஷி: குத்திக் காட்ட இதுவா நேரம்?

தச்சர்: உன் தங்கச்சி உன் பேரைக் கேட்டாலே காறித் துப்புறா.

துபாஷி: துப்பட்டும். இந்த மேஜையிலேர்ந்து எத்தனை பேரை உயிரோட வெளியே அனுப்பியிருக்கேன்னு அவகிட்ட சொன்னா, பெருமை தாங்காம ஊருக்கே சொல்லிடுவா. அடுத்தவனை யார் காப்பாத்துறது? ம்... அழு.

தச்சர்: எனக்கு அழுகை வராது.

துபாஷி: என் தங்கச்சியைக் கட்டின நாளை நெனச்சுக்கோ.

தச்சர்: ஐயோ... ஐயோ...

அதிகாரி: இவன் பொய் சொன்னதாகத் தெரிந்தால், இவனோடு உன்னையும் சேர்த்துச் சுடுவேன்.

துபாஷி (அதிகாரியின் மொழியில்): சுடுங்கள், ஐயா. இவன் வெறும் தச்சன்.

அதிகாரி: சரி, அனுப்பித் தொலை. நான் சாப்பிடப் போகிறேன்.

துபாஷி: ...போயிட்டான். கிளம்பு மாப்ளே. ஓடாதே, நட. முதல்ல அந்தக் கிடங்கைக் காலி பண்ணு.

தச்சர்: எதைக் காலி பண்றது? அங்க இருக்கறது மரத்தூள்.

துபாஷி: என்னது!

தச்சர்: நம்ம ஆளுங்க ஒவ்வொருத்தரா மாட்டறாங்க. காட்டிக்கொடுக்கறது நீதான்னு முடிவு பண்ணி, உன்னைத் தீர்த்துக்கட்ட ஆளும் வச்சாச்சு. நான்தான் தடுத்தேன். ஒரு தடவை எதிர்ல உட்கார்ந்து பார்த்துடறேன்னு, வேணும்னே மாட்டிக்கிட்டேன்.

துபாஷி: நீ சொன்னதை அப்படியே நான் சொல்லியிருந்தா உனக்குத் தூக்கு, தெரியுமில்ல?

தச்சர்: தெரிஞ்சுதான் வந்தேன்.

துபாஷி: சரி... நான் அவன்கிட்ட என்ன சொன்னேன்னு உனக்கு எப்படித் தெரியும்? அவங்க பாஷை உனக்கு ஒரு எழுத்து வராதே!

தச்சர்: அவங்க வீட்டுக்கெல்லாம் கதவு ஜன்னல் செஞ்சவன் நான். காது சும்மாவா இருக்கும்? நீ குருட்டாம்போக்குல விட்டது நிஜம்தான் மச்சான், உன் தங்கச்சி மாசமாத்தான் இருக்கா. ஆனா தலைச்சன் இல்ல, இது ரெண்டாவது. மூத்தவகிட்ட மாமா செத்துட்டார்னு சொல்லி வச்சிருக்கோம்... இன்னிலேர்ந்து, வெளியூர் போயிருக்கார்னு மாத்திச் சொல்றோம்.