உள்ளே வர முடியாதவன்

மாலை ஏழு மணி இருக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போகிற சாலை... ஒரு பக்கம் காலி மனைகள், மறுபக்கம் நீளமான மதில். நடந்து போக ஆள் கிடையாது, குரைக்க நாய்கூடக் கிடையாது. அந்தச் சாலையின் கடைசி வீட்டுக்கு ஒருவன் காரில் போய்க்கொண்டிருந்தான்.

நெருங்கி உட்காருங்கள், மெதுவாகத்தான் சொல்ல முடியும். இது எனக்கு நடந்ததல்ல. என் சிநேகிதியின் தம்பிக்கு நடந்தது. வீடு வீடாகப் போய் வைஃபை மாட்டிக் கொடுப்பது அவன் வேலை. எல்லோரும் அவனை ‘ஒயர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், “சிக்னல் எவ்வளவு வருதுன்னு கேட்டுச் சொல்லு” என்று சிரிக்கிற ஆள்.

கடைசி வீட்டில் ஓர் அம்மா, ஓர் அப்பா. அவர்களுக்கு ஒரே பையன். பொறியியல் படித்தவன். எட்டு மாதம் முன்னால் பைக்கில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது, லாரி மோதி... சாலை திரும்புகிற இடத்தில், வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில்.

அவன் செய்துவைத்த கண்ணாடி கூடத்தில் மாட்டியிருந்தது. பார்க்கச் சாதாரண நிலைக்கண்ணாடி. பின்னால் ஒரு திரை. முகம் பார்க்கும்போதே நேரம், வெயில், மழை எல்லாம் வெள்ளை எழுத்தில் தெரியும். அடியில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றும் காட்டும். ஒருவருடைய ஃபோன் வீட்டு வைஃபையில் சேர்ந்ததும் அவர் பெயர் வந்துவிடும். அப்பா. அம்மா. தனக்கு அவன் வைத்திருந்த பெயர், ‘நான்’. அவன் படியேறும்போதே கண்ணாடி சொல்லிவிடும். ‘நான் வந்துட்டேன்.’

“இதுல ஏதோ கோளாறுப்பா” என்றாள் அம்மா. “சாயங்காலமானா அவன் பேரு மங்கலா வருது. முழுசா வர்றதுக்குள்ள அழிஞ்சுபோகுது. சரிபண்ணிக் குடு.”

அப்பா ஒயரைச் சமையலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். “சரிபண்ண வேணாம் தம்பி. ரிப்பேர் பண்ண முடியாதுன்னு சொல்லிக் கழட்டிட்டுப் போயிடு. அவ அது முன்னாடியே உட்கார்ந்து உட்கார்ந்து... சாப்பிடறதே இல்ல.”

ஒயர் தலையாட்டினான். ஆனால் கைக்கு வந்த கோளாறைக் கண்டுபிடிக்காமல் விட அவனால் முடியாது. மடிக்கணினியைத் திறந்து ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தான்.

கண்ணாடியில் தவறில்லை. தினமும் பொழுது சாயும் நேரத்தில் ஒரு ஃபோன் அந்த வீட்டு வைஃபையில் சேரப் பார்த்திருக்கிறது. ரவுட்டர் உள்ளே விடவில்லை. கடவுச்சொல் தவறு. மறுபடி முயன்றிருக்கிறது. தவறு. மறுபடி... தவறு. விடியும்வரை.

பக்கத்து வீடு என்று ஒன்று இருந்தால் அவர்கள்மேல் பழியைப் போடலாம். இல்லையே.

“பையனோட ஃபோன் யாருகிட்ட இருக்கு?”

அப்பா அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார். காவல் நிலையத்தில் கொடுத்தது. திரை நொறுங்கி, நடுவில் வளைந்து, பேட்டரி உப்பி... அது இனி ஃபோனே இல்லை. ஒவ்வொரு ஃபோனுக்கும் அதற்கென்று ஓர் எண் உண்டு. பையன் இருந்த காலத்தில் ரவுட்டரில் பதிவான எண்ணையும், இப்போது வாசலில் முட்டிக்கொண்டிருக்கிற எண்ணையும் ஒயர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

ஒரே எண்.

“பாஸ்வேர்டை மாத்தினீங்களா?”

அப்பா உறையைக் கீழே வைத்தார். “நான்தான் மாத்தினேன். புது ஃபோன் வாங்கினப்போ போடச் சொல்லிக் கேட்டுது... அவன் வச்சதை என்னால அடிக்க முடியல.”

பையன் வைத்த கடவுச்சொல் ‘அம்மாவைக் கேளு’. வீட்டுக்கு வருகிறவர்கள் பாஸ்வேர்ட் என்ன என்று கேட்டால், “அம்மாவைக் கேளு” என்பானாம். அவர்கள் சமையலறைக்குப் போய்க் கேட்பார்களாம். “எனக்கு என்னய்யா தெரியும்?” என்று அம்மா கரண்டியோடு வெளியே வருவாளாம். அவன் விழுந்து விழுந்து சிரிப்பானாம்.

அதை அப்பா இப்போது சொல்லும்போது யாரும் சிரிக்கவில்லை. அம்மா மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப... என் புள்ள இத்தனை நாளா வாசல்லயா நிக்கிறான்?”

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாக, பழைய கடவுச்சொல்லை அவரே அடித்தார்.

ஒயர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிக்னல் ஒரு கோடு... ஃபோன் தூரத்தில் இருக்கிறது. இரண்டு கோடு. வெளியே இரும்புக் கேட்டின் கொண்டி ‘டக்’ என்றது. மூன்று கோடு. மழையில் நனைந்த ஹெல்மெட்டின் வாடை, லேசாகப் பெட்ரோல் வாடை. நான்கு. கூடத்துக்குள் யாரும் வரவில்லை... ஆனால் கண்ணாடியில் எழுத்துகள் மங்கலாக வந்து, நின்று, பளிச்சென்று தெளிந்தன.

‘நான் வந்துட்டேன்.’

அம்மா எழுந்து நின்றாள். அலறவில்லை, அழவில்லை. “சாப்பிட வா” என்றாள்.

ஒயர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டான். கூலிகூட வாங்கவில்லை.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் சொல்லியே இருக்கமாட்டேன்.

அது வாடகை வீடு. சொந்தக்காரர் விற்றுவிட்டார். இருப்பவர்கள் காலி செய்துதானே ஆகவேண்டும்? அம்மா மாட்டேன் என்றாள். தினமும் சாயங்காலம் வருகிற பிள்ளையை விட்டுவிட்டு எங்கே போவது? சொந்தக்காரரிடம் அதைச் சொல்ல முடியுமா? கடைசியில் மூட்டை முடிச்சோடு, ஒன்றரை மணி நேரப் பயணத் தூரத்தில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத் தளத்துக்குப் போனார்கள். கண்ணாடியும் போனது, ரவுட்டரும் போனது, உறைக்குள் இருந்த உடைந்த ஃபோனும் போனது. அப்பா கூப்பிட்டு ஒயர்தான் போய் மாட்டிக் கொடுத்தான். வைஃபைக்குப் பையன் வைத்த பெயர் ‘நம்ம வீடு’. அதையே வைத்தான். அதே கடவுச்சொல்.

கண்ணாடியில் அப்பா வந்தார், அம்மா வந்தாள். மூன்றாவது பெயர் வரவில்லை. அன்றும் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை.

அம்மா ஒயருக்கு ஃபோன் செய்வாள். “ஒரு எழுத்து மாறியிருக்குமாப்பா? இன்னொரு தடவை பாரேன்.” அவன் பார்ப்பான். எல்லாம் சரியாகவே இருக்கும். “ஒண்ணும் தப்பில்லம்மா” என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழாது.

ஒருநாள் சாயங்காலம் அவனாகவே அந்தப் பழைய சாலைக்குப் போனான்.

வீடு பூட்டிக் கிடந்தது. மின் இணைப்பை வெட்டியிருந்தார்கள். காரை எதிரே நிறுத்தி, விளக்கை அணைத்து, மடிக்கணினியைத் திறந்தான். உங்களுக்கு ஒன்று தெரியுமா? வெளியே இருக்கிற ஃபோன் சும்மா இருக்காது. தனக்குத் தெரிந்த வைஃபையின் பெயரைச் சொல்லிக் காற்றில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்... இருக்கியா, இருக்கியா என்று. நம் காதில் விழாது. ஒயருடைய மடிக்கணினி அதைப் பிடித்து எழுத்தாகக் காட்டும்.

காட்டியது.

நம்ம வீடு.

நம்ம வீடு.

நம்ம வீடு.

சிக்னல் கூடியது, குறைந்தது, கூடியது. ஒயருக்குச் சட்டென்று புரிந்தது. அது சுற்றி வருகிறது. முன்வாசல்... பக்கச் சந்து... பின்கதவு... திரும்ப முன்வாசல். பூட்டிய வீட்டைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு கதவிலும் நின்று நின்று, கூப்பிட்டுக்கொண்டே.

நானாக இருந்தால் அந்த நிமிடமே வண்டியைக் கிளப்பியிருப்பேன். ஒயரும் சாவியில் கை வைத்தான். ஆனால் திருப்பவில்லை. அழுகை வந்துவிட்டது என்று சொன்னான்.

தன் ஃபோனை எடுத்தான். ஃபோனையே வைஃபையாக மாற்றுகிற ஹாட்ஸ்பாட்டைத் திறந்து பெயரை மாற்றினான்... நம்ம வீடு. கடவுச்சொல்லை மாற்றினான்... அம்மாவைக் கேளு. மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

மடிக்கணினியில் கூப்பிடுவது நின்றது.

ஃபோன் சிணுங்கியது. ‘ஒரு கருவி இணைந்துள்ளது.’

காருக்குள் ஈர ஹெல்மெட் வாடை வந்தது. அவன் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாவியைத் திருப்பி மெதுவாக வண்டியை நகர்த்தினான். பத்தடி போயிருக்கமாட்டான்...

டிங். டிங். டிங்.

பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாமல் இருந்தால் அடிக்கிற மணி.

சீட் காலியாகத்தான் இருந்தது. மணி நிற்கவில்லை. ஒயர் வண்டியை நிறுத்தி, கையை எட்டி, அந்தப் பக்கத்துப் பெல்ட்டை இழுத்து மாட்டினான். இழுக்கும்போது அது தளர்வாக வரவில்லை. எதையோ சுற்றிக்கொண்டு வருகிற மாதிரி வந்தது. கொக்கி விழுந்ததும் மணி நின்றது.

“மெதுவாத்தான் போவேன்” என்றான் ஒயர், முன்னால் பார்த்தபடியே. “பயப்படாத.”

லாரிகளை எல்லாம் முந்தவிட்டு, இடது ஓரமாகவே ஓட்டினான். வழியெல்லாம் ஒரு கருவி இணைந்தே இருந்தது.

அடுக்குமாடி வீட்டின் முன்னால் காரை நிறுத்தியதும், ஹார்ன்கூட அடிக்கவில்லை, கதவு திறந்தது. அம்மா வெளியே வந்து படியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் கூடத்தில் அப்பா, மூன்றாவது பெயர் மங்கலாக வந்துகொண்டிருந்த கண்ணாடியின் பக்கம் முகத்தைத் திருப்பியபடி.

ஒயர் பக்கத்து பெல்ட்டின் கொக்கியை அழுத்தினான். டிங். டிங். மணி மறுபடி அடித்தது. ஒரு கணம்... பிறகு தானாக நின்றது. கார்க் கதவு எதுவும் திறக்கவில்லை.

ஃபோனைப் பார்த்தான். ‘இணைந்த கருவிகள் இல்லை.’

படியில் அம்மா இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். நீட்டிய கைகள் எதையோ பிடித்துக்கொண்ட மாதிரி பாதி மூடி நின்றன. கட்டைவிரல்கள் மெல்லத் தேய்த்துவிட்டன.

“கை ஏன்டா இப்படிச் சில்லுன்னு இருக்கு?” என்றாள்.