நீர்நாயின் தாவல்

"யாரோ கை வச்சிருக்காங்க. நேத்து இப்படியா தாவிச்சு?"

"நீங்க சொல்லாம யாரு சார் கை வைப்பாங்க?"

"நான் எப்பச் சொன்னேன்? என் கட்டைவிரலுக்குத் தெரியும், இனாபா, இது நான் வச்ச—"

"உக்காருங்க, கொமுரோ சார். டீ ஆறுது."

விசாரணைக் குழுவினரான நீங்கள் கேள்விப்பட்ட சண்டை இதுதான் என்றால், அதில் டீ ஆறுவதைப் பற்றிப் பேசிய இனாபா நான்தான். கியோத்தோவில் ஜூன் மழை பிடித்துக்கொண்டால் எல்லோருக்கும் கொஞ்சம் சிடுசிடுப்பு வரும்.

நீர்நாய் வீடியோ விளையாட்டை நீங்களும் சின்ன வயதில் ஆடியிருப்பீர்கள். கொமுரோ சார் உருவாக்கியது. நான்கு பாகங்கள் வந்து, பிறகு இருபது வருடம் பேச்சே இல்லை. அதற்கு மறுபடி உயிர் கொடுக்க நிர்வாகம் முடிவெடுத்தபோது, வாய்க்காலில் திரிந்த நீர்நாயை நான் காட்டுக்குள் கொண்டுபோனேன். கொடி, அருவி, பொந்து மரம் என்று அந்தக் காடு முழுவதும் என் யோசனை. ஓய்வில் இருந்த கொமுரோ சார் ஒரே நிபந்தனையோடு திரும்பி வந்தார். தன் கட்டைவிரல் ஒப்புக்கொள்ளாமல் எந்தத் தாவலும் வெளியே போகக் கூடாது.

தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு முதல் கட்டத்தைப் பத்துத் தடவை ஆடுவார். "இன்னும் கனக்குது" என்பார். ஐந்து மாதம் இப்படியே போனது. நாற்பது பேர் வரைந்து வைத்த காடு அந்த முதல் கட்டத்துக்குப் பின்னால் காத்துக்கிடந்தது. என் இடத்தில் நீங்கள் இருந்தாலும் ஏதாவது செய்திருப்பீர்கள்.

பொத்தானை அழுத்துவதற்கும் நீர்நாய் எழும்புவதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. ஒரு விநாடியை அறுபது துண்டாக்கினால் அதில் நாலு துண்டு, அவர் கணக்குப்படி. அவர் ஜன்னலோரம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரத்தில் நான் அதை ஐந்தாக்குவேன். மறுநாள் மூன்று. அதற்கடுத்த நாள் நாலிலேயே விட்டுவிடுவேன். அந்த நாள்தான் முக்கியம். சரியாக இருந்த அன்றைக்கும் அவருக்குச் சரியாகப் படவில்லை.

சந்தேகம் அவருக்கு வராமல் இல்லை. பக்கத்தில் இருந்தவர்களையெல்லாம் சந்தேகப்பட்டார். முதுகுக்குப் பின்னால் யாரும் வர முடியாதபடி நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். என்னை மட்டும் விட்டுவிட்டார். நான் அவரிடம் தொழில் கற்றவள்.

கடைசியில் ஒப்புதல் தாள்களைக் கேட்டார். எங்கள் அலுவலகத்தில் ஓர் எண்ணை மாற்றினாலும் கையெழுத்துக்குப் பதில் பெயர் பொறித்த சிவப்பு முத்திரை விழுந்த தாள் ஒன்று இருந்தாக வேண்டும். பெரியவர்கள் தங்கள் முத்திரையை உதவியாளரின் மேசை இழுப்பறையில் விட்டுவைப்பது வழக்கம். அவருடையது என் இழுப்பறையில் இருந்தது.

முப்பத்தெட்டுத் தாள்கள். எல்லாவற்றிலும் கொமுரோ என்ற முத்திரை. ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இதெல்லாம் நானா போட்டேன்?"

"நீங்கதான் சார் கேட்டு வாங்கிப் போட்டீங்க. மறந்துட்டீங்களா?"

நான் குரலை உயர்த்தவில்லை. அவருக்கு மறதி நோய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த முடிவுக்கு அவராகவே வந்தார். மறுநாள் விலகல் கடிதம் வந்தது. எழுத்து ஒழுங்காகவே இருந்தது.

மருத்துவர்கள் ஒரு கோளாறும் இல்லை என்றார்களாம். அவர் நம்பவில்லை, தன் முத்திரையைத் தன் கண்ணாலேயே பார்த்தவர். இப்போது அடுப்பைத் தொடுவதில்லை என்று அவர் மனைவி ஃபூமியே அம்மா சொன்னார். சிக்னலைப் பார்த்தோமா இல்லையா என்று தெரியாமல் நடுச்சாலையில் நின்றுவிடுகிறாராம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய் ஆற்றங்கரைவரை நடத்திக் கூட்டிப் போகிறேன். அந்த நடைக்கு அவர் காலையிலிருந்தே செருப்பு மாட்டிக்கொண்டு காத்திருக்கிறார்.

விளையாட்டு வசந்தத்தில் வெளிவரும். தாவலை எத்தனையில் வைத்தேன் என்று கேட்டீர்கள். எல்லா எண்களையும் போட்டுப் பார்த்துவிட்டு நாலிலேயே வைத்தேன். அவர் சொன்னதுதான் சரி.

ஆமாம், முப்பத்தெட்டுத் தாளிலும் முத்திரை குத்தியது நான். அதை அவரிடமே போய்ச் சொல்ல வேண்டும் என்கிறீர்கள். யோசிக்காமல் சொல்கிறீர்கள்.

"நான் சொல்லிட்டா, ஞாயித்துக்கிழமை யார் கையைப் பிடிச்சுக்கிட்டு அவர் ரோட்டைத் தாண்டுவாரு?"