உப்பு வில்லை

உக்காருங்க, உக்காருங்க... மைக் வேலை செய்யுதான்னு நான் 'ஃபூ... ஃபூ'ன்னு ஊதினதும், அது கிறீச்சுன்னு கத்தினதும், நீங்க சிரிச்சதும் நியாயம்தான். என்ன பண்றது, மைக்கைக் கண்டா ஊதாம இருக்க முடியல. ஆனா ஊதினதும் ஒண்ணு ஞாபகம் வந்துடுச்சு. இந்தப் பெத்தவங்க கூட்டத்துக்குன்னு எழுதிட்டு வந்த பேச்சை அப்படியே நிறுத்திட்டு அதைச் சொல்லிடறேன். சின்னக் கதைதான். போன மாசம் நடந்தது.

நான் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். படிப்பு பத்தாவது, அதுவும் ரெண்டு தவணையில. என் மக மங்கையர்க்கரசி பாலிடெக்னிக் கடைசி வருசம். "அப்பா, உங்க வேக்குவம் பம்பு வேணும். லேசர் செய்யப் போறேன்"னா. கல்யாண மண்டபத்துல பச்சையும் சிவப்புமா சுத்துமே, அதுன்னு நினைச்சுட்டேன்! "இது கண்ணுக்கே தெரியாதுப்பா"ன்னா. "தெரியாத வெளிச்சத்துக்கு என் பம்பு எதுக்குடி?"

சிரிக்காதீங்க... நீளமா ஒரு கண்ணாடிக் குழாய். உள்ள இருக்குற காத்தை பம்பு உறிஞ்சிடும். சோடாவுல வருமே கார்பன் டை ஆக்சைடு, அதோட இன்னும் ரெண்டு வாயு, கொஞ்சூண்டு உள்ள போகும். கரண்டைச் சேத்து வெச்சு ஒரே அடியா விட்டா, 'டப்'... எதிர்ல கட்டையில கருகின புள்ளி! அந்த வெளிச்சம் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டாதாம், உப்பைத் தாண்டுமாம். அதனால உப்புக்கட்டியைத் தேய்ச்சுத் தேய்ச்சு, குழாய் முனையில ஒரு வில்லை. "மூச்சு பட்டாக்கூட மங்கிடும்பா"ன்னு என்னைத் தள்ளியே நிக்க வெச்சா.

கண்காட்சி நாள். ஜெயிக்கிற ஒண்ணுதான் மாநிலப் போட்டிக்குப் போகும். நடுவர்கள் பக்கத்து மேசைக்கு வந்துட்டாங்க. மங்கை மேசைக்கு அடியில குனிஞ்சு வயரை மாட்டிட்டு இருக்கா. சிறப்பு விருந்தினர் வந்தார். ரைஸ்மில் அருணகிரி ஐயா, தங்கமான மனுசன். "என்னப்பா மெக்கானிக்கு, பாப்பாவோட மிசினா? என்ன இது, தூசியா இருக்கு?" வில்லைக்கிட்ட குனிஞ்சார். மூக்குக்கண்ணாடிக்குச் செய்வோமே... 'ஹா'ன்னு ஊதி, துண்டால துடைச்சார்.

அவர் குனியும்போதே எனக்கு நேரம் இருந்துச்சுங்க. "ஐயா, வேணாம்"... இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? அவ்வளவு பெரிய மனுசனை எப்படித் தடுக்கறது? நான் என்ன செஞ்சேன் தெரியுமா? கையைக் கட்டிட்டுச் சிரிச்சேன்.

நடுவர்கள் வந்தாங்க. 'டப்'. குழாய்க்குள்ள மின்னுச்சு. கட்டையில ஒண்ணுமில்ல. இன்னொரு 'டப்'... ஒண்ணுமில்ல. "அடுத்த வருசம் பாக்கலாம்மா"ன்னுட்டுப் போயிட்டாங்க. கடைசி வருசப் புள்ளைக்கு ஏதுங்க அடுத்த வருசம்?

திரும்பி வரும்போது பஸ்ல, "யாரோ ஊதித் துடைச்சிருக்காங்கப்பா. நான்தான் மூடி போட்டிருக்கணும். கூட்டத்துல நீங்களும் கவனிச்சிருக்க மாட்டீங்க"ன்னா. நான் கண்டக்டரைப் பாத்து, "டிக்கெட், டிக்கெட்"ன்னேன். டிக்கெட் என் கையில இருக்கு!

அப்பாமாரே, அம்மாமாரே... புள்ளைக்குப் பம்பு குடுக்கறோம். உசுரையே குடுப்போம்னு சொல்றோம். ஆனா ஒரு பெரிய மனுசன் முகம் சுருங்குமேன்னு ஒரு வார்த்தை குடுக்க மாட்டேங்கறோம். அவர் கோவிச்சிருந்தா ஒரு காபியில தீந்திருக்கும். புள்ளைங்க உழைப்புக்கும் ஒரு மரியாதை இருக்கு. அந்த இடத்துல வாயைத் திறங்க.

மங்கை இப்ப வீட்டுல இன்னொரு உப்புக்கட்டியைத் தேய்ச்சுட்டு இருக்கா. தினமும் பக்கத்துல போய் உக்காந்து எது எதையோ பேசறேன். அவகிட்ட இன்னும் சொல்லாதது ஒண்ணே ஒண்ணு...

"நான் பாத்தேன்மா."