கடைசிக் கூடை மண்

– ஏ இராசம்மா, மெல்லக் கொட்டு. எதுக்கு இந்தப் பறப்பு பறக்கிற?

– கை அசையலன்னா பிரம்பெடுக்கிற கங்காணி நீங்க. இன்னிக்கு மட்டும் மெல்லவா?

– சத்தம் போடாத. மேட்டுல ஜப்பான்காரன் பாக்கிறான்.

– பாக்கட்டும் லா. பாழாக் கெடக்கிற ஈயச் சுரங்கத்த இன்னிக்கே மூடி, மேல மரவள்ளி நடணும்னு அவன்தானே சொன்னான்? இவனுங்கள எதுத்துச் சண்ட போடற காட்டு ஆளுங்க ஒளிய எடம் இருக்கக் கூடாதாம். காலையில மம்பட்டியக் கீழ வச்ச தங்கையாவ என்ன செஞ்சான்? தல அந்தா, தேயிலச் செடிக்குள்ள கெடக்கு.

– இராசம்மா... உள்ள என் மகன் இருக்கான். விடியறப்பவே இவனுங்க வந்து நின்னுட்டானுங்க. வெளிய கொண்டாற முடியல.

– தெரியும்.

– தெரியுமா?

– சயாம்ல ரயில் ரோடு போட இவனுங்க ஆள் கேட்டப்ப ஒங்க மகன் செல்லையாவ இதுக்குள்ள ஒளிச்சீங்க. அவன் எடத்துல எம்புருசன லோரியில ஏத்துனீங்க. அவரு மாட்டேன்னதுக்கு வாயில ரத்தம் வர மிதிச்சீங்க. சுரங்கத்த மூடப் போறாங்கன்னு நேத்தே ஜப்பான்காரன் கேம்புல பாத்திரம் கழுவறப்ப கேட்டுட்டேன்.

– அடிப் பாவி! ஒரு வார்த்த சொல்லியிருந்தா நேத்தே அவனக் கொண்டாந்திருப்பேனே!

– எம்புருசன் செத்த சேதிய நீங்க எப்பிடிச் சொன்னீங்க? 'மாடசாமி காலராவுல போயிட்டான், நீ போய்க் கொழுந்தெடு'ன்னீங்க. அழக்கூட விடல.

– தாயி, ஒங்கால்ல விழறேன். அந்த மூலையில கையளவு சந்து விடு. புள்ள மூச்சு விடட்டும்.

– விழாதீங்க, ஜப்பான்காரன் பாக்கிறான். கேக்குதா? உள்ள இருமறான்.

– எங்க? எனக்குக் கேக்கலயே!

– மண்ணு மூடுதுல்ல. இப்ப 'அப்பா'ங்கறான். இந்தக் கூடையக் கொட்டுனா அதுவும் கேக்காது.

– கொட்டாத! கொட்டாதடி! துவான்! நிப்பாட்டுங்க ஐயா! உள்ள என் மகன் இருக்கான்! அனாக் சாயா!

– பக்கேரோ!

– ஐயோ கங்காணி, ஜப்பான்காரன் வையறான், மேட்டுக்கு ஓடாதீங்க! கத்திய உருவிட்டான்! திரும்புங்க! உள்ள யாருமில்ல! விடியறதுக்கு முன்னயே செல்லையாவ நான் காட்டுக்குள்ள அனுப்பிட்டேன்! நீங்க ஒரு தடவ அழுவணும்னுதானே சொல்லாம வச்சிருந்தேன்!