எட்டு வருஷத்து வண்டி

நட்டு: …அதனாலதான் சொல்றேன், நாம வர்றதுக்கு முன்னாடியே இன்ஜினைச் சூடு பண்ணி வச்சிருந்தா அந்த வண்டி பக்கமே போகாதே. தொட்டுப் பாரு தம்பி. ஜில்லுன்னு இருக்கா?

அவன்: இருக்கு.

நட்டு: இப்ப ஸ்டார்ட் பண்ணு… ம். காதைக் குடுத்துக் கேளு.

அவன்: ஒண்ணும் கேக்கலையே அண்ணே.

நட்டு: அதான் கேக்கணும்.

அவள்: சத்தத்தை வச்சே எந்த நட்டு கழண்டிருக்குன்னு சொல்லிடுவீங்களாமே, அதனாலதான் உங்களுக்கு நட்டுன்னே பேராமே. என் வீட்டுக்காரருக்கு எது கழண்டிருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்களேன் அண்ணே.

நட்டு: அந்த வண்டிக்குப் பன்னெண்டு வருஷமா நீதான் மெக்கானிக் தங்கச்சி. என்னைக் கேட்டா?

அவன்: ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்தாச்சா? வண்டியப் பாருங்க… எட்டு வருஷம் ஆச்சுங்கறீங்க, எழுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர்தான் காட்டுது. மீட்டரைத் திருப்பி வச்சிருந்தா?

நட்டு: மீட்டர் பொய் சொல்லும், பிரேக் பெடல் சொல்லாது. குனிஞ்சு பாரு. ரப்பர்ல கோடெல்லாம் அப்படியே இருக்கில்ல? ரெண்டு லட்சம் ஓடியிருந்தா வழுக்கையா இருக்கும். ஸ்டியரிங்கும் தேஞ்சு பளபளன்னு ஆகியிருக்கும். இந்தா, சர்வீஸ் புத்தகம். ஒரே ஓனர். பல் டாக்டர் அம்மா.

அவள்: பல் டாக்டரா? அப்ப சுத்தமா வச்சிருந்திருப்பாங்க.

நட்டு: ஆயில் மாத்தற தேதிக்கு ஒரு நாள் முந்தியே வந்து நிப்பாங்க. நான்தான் 'நாளைக்கு வாங்கம்மா'ன்னு திருப்பி அனுப்புவேன்.

அவன்: இருந்தாலும் பழசு பழசுதானே. கொஞ்சம் கஷ்டப்பட்டுப் புதுசே எடுத்துடலாமோன்னு…

நட்டு: புது வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டும்போதே விலை இறங்க ஆரம்பிச்சுடும். மொத நாலஞ்சு வருஷத்துல பாதி காலி. அந்தப் பாதியை டாக்டரம்மா அனுபவிச்சுட்டாங்க. இனிமே இறங்கறதெல்லாம் மெதுவாத்தான். நாலு வருஷம் ஓட்டிட்டு வித்தாலும் உன் கையைக் கடிக்காது.

அவள்: குறையே இல்லையா?

நட்டு: இல்லாமலா? பின்கதவு ஒண்ணுக்கு மறுபடி பெயிண்ட் அடிச்சிருக்கு, மதில்ல உரசினது. அப்புறம் டயர். மேல்பட்டை தேயாம நல்லாத்தான் இருக்கு, ஆனா வயசாயிடுச்சு. ஓரத்துல நாலு எண் இருக்கு பாரு, எந்த வாரம் எந்த வருஷம் செஞ்சதுன்னு. நாலையும் மாத்தணும். அந்தக் காசை விலையில கழிச்சுடறேன்… தம்பி, பின் சீட்டு பெல்ட்டை இழு. பாதியில நிறுத்தாதே, கடைசி வரைக்கும்.

அவன்: எதுக்கு?

நட்டு: வெள்ளத்துல முங்கின வண்டின்னா சீட்டைக் கழுவுவான், தரை விரிப்பை மாத்துவான். பெல்ட்டோட அடி நுனியை எவனும் கழுவ மாட்டான். சேத்துக் கறை அப்படியே உக்காந்திருக்கும். ஆறு வருஷம் முன்னாடி இதை ஒரு தடவை இழுத்துப் பாத்திருந்தா உன் மாமனார் அந்த வண்டியை வாங்கியிருக்கவும் மாட்டார், உன் தலையில கட்டியிருக்கவும் மாட்டார்.

அவள்: அண்ணே! அந்தப் பேச்சு இப்ப எதுக்கு?

நட்டு: வாயில வந்துடுச்சு தங்கச்சி.

அவள்: வாங்கின பதினோராம் நாள் நடுரோட்டுல நின்னுச்சு. அன்னையிலேர்ந்து அப்பாவும் இவரும் முகம் குடுத்துப் பேசினதில்ல. போதும், விடுங்க.

அவன்: கறை இல்ல. பெல்ட் சுத்தமா இருக்கு. என்ன அப்படிப் பாக்கிற?

அவள்: இல்ல… அப்பா பேச்சை எடுத்தாலே 'தங்கம்னு சொல்லித் தகரத்தைக் குடுத்தார்'னு ஆரம்பிப்பீங்களே. இன்னைக்கு என்ன, வாயில பிளாஸ்திரியா?

அவன்: வெயிலா இருக்கு. பேசத் தெம்பில்ல.

அவள்: அதென்ன கையில? அளவு டேப்பா?

அவன்: எலக்ட்ரீஷியன் கையில டேப் இல்லாம கரண்டியா இருக்கும்?

அவள்: சீட்டு தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்னு எதுக்கு அளக்கறீங்க?

அவன்: ஏறி இறங்க வசதியா இருக்கணும்ல.

அவள்: யாருக்கு? நம்ம பொண்ணுக்கு ஒன்பது வயசு. ஜன்னல் வழியாவே ஏறுவா.

அவன்: எனக்குத்தான். முட்டி வலி.

அவள்: நேத்து மூணு மாடி ஏறிப் போய், ஏணி மேல நின்னு லைட் மாட்டினீங்க!

அவன்: அதனாலதான் வலி.

அவள்: இப்ப டிக்கியை வேற அளக்கறீங்க.

அவன்: ஏணி வைக்க.

அவள்: உங்க பத்தடி ஏணியையா? இதுக்குள்ளயா?

அவன்: மடிக்கிற ஏணி ஒண்ணு வாங்கப்போறேன்.

நட்டு: க்கும்… க்கும்.

அவள்: என்னண்ணே இருமல்?

நட்டு: தூசி, தங்கச்சி. பட்டறைன்னா தூசி இருக்கும்ல.

அவன்: எல்லாம் சரிதான் அண்ணே. ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது. கியர். ஆட்டோமேட்டிக்ல ரிப்பேர் வந்தா சொத்தை எழுதிக் குடுக்கணும்ங்கறாங்க.

நட்டு: எல்லாத்தையும் ஒரே கூடையில போடாதே. அதுல ரெண்டு மூணு வகை இருக்கு. சிலது நாலு வருஷத்துல உதற ஆரம்பிச்சுடும். இது பழைய, நின்னு உழைக்கிற வகை. ரெண்டு மாசம் முன்னாடி நானே கியர் ஆயிலை வடிச்சேன். சிவப்பா இருந்தது, கருகின வாசனை துளிகூட இல்ல.

அவன்: இருபது வருஷமா கியர் போட்டு ஓட்டின கை. சும்மா உக்காந்திருந்தா தூக்கம் வரும். கியர் வண்டியா ஒண்ணு பாருங்களேன்.

அவள்: அதெல்லாம் முடியாது. ஆட்டோமேட்டிக்தான்.

அவன்: உனக்கென்ன வந்துச்சு? ஓட்டப்போறது நான்.

அவள்: அது… அதான், உங்களுக்கு முட்டி வலின்னீங்களே! கிளட்ச் மிதிக்க வேண்டாம் பாருங்க.

நட்டு: க்கும்!

அவன்: என்னண்ணே?

நட்டு: அதே தூசிதான். ஏறு ஏறு, ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம். தங்கச்சி, நீ முன்னாடி உக்காரு. நான் பின்னாடி உக்காந்து சத்தம் கேக்கறேன்.

அவன்: பரவால்ல, நல்லா இழுக்குது… ஆ!

நட்டு: ஐயோ, என் மூக்கு! கிளட்ச்சுன்னு நினைச்சு பிரேக்கை மிதிச்சுட்டே.

அவன்: இடது கால் சும்மா இருக்க மாட்டேங்குது அண்ணே.

அவள்: அந்தக் காலைப் பின்னாடி இழுத்து மடக்கி வச்சுக்கங்க. அதுக்கு இதுல வேலையே கிடையாது. சிக்னல் விழுந்ததும் பிரேக்கை மெதுவா விட்டா போதும், வண்டி தானா நகரும்.

அவன்: …உனக்கு எப்படித் தெரியும்?

அவள்: மருந்துக்கடை கவுண்டர்ல நாள் முழுக்க நிக்கறேன்ல, வர்றவங்க பேசிக்குவாங்க.

அவன்: மாத்திரை வாங்க வர்றவங்க பிரேக்கைப் பத்தியா பேசுவாங்க?

அவள்: முட்டி வலிக்காரங்க பேசுவாங்க. ஏங்க, இப்பத் திரும்பாதீங்க! பின்னாடி பைக்!

அவன்: அட, ஆமா… நீ எப்பப் பாத்தே?

அவள்: கண்ணாடியிலதான்.

அவன்: நாலு வருஷம் முன்னாடி இரவல் வண்டியில நம்ம வீட்டு கேட்டை இடிச்சப்ப, வண்டியில கண்ணாடின்னு ஒண்ணு இருக்கிறதே உனக்குத் தெரியாது.

அவள்: கத்துக்குடுத்தவர் அப்படி. 'உனக்கு ஸ்டியரிங் ஒத்து வராது'ன்னு தெருவே திரும்பிப் பாக்கற மாதிரி கத்தினார்.

அவன்: கத்தினேன்தான். தப்புதான்.

அவள்: …என்ன சொன்னீங்க?

அவன்: தப்புன்னு சொன்னேன்.

அவள்: அண்ணே, வண்டியை நிறுத்தச் சொல்லுங்க. இவருக்கு உடம்பு சரியில்ல.

நட்டு: நிறுத்து தம்பி. நிஜமாவே நிறுத்து. அந்த மரத்தடியில, ஓரமா… ஆங். இப்ப ரெண்டு பேரும் கேளுங்க. ஒரு மாசமா ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பட்டறைக்கு வந்து, 'அவர்கிட்ட சொல்லிடாதீங்கண்ணே', 'அவகிட்ட மூச்சு விடாதீங்கண்ணே'… இதுக்கு மேல என்னால இரும முடியாது. நான் டீ குடிச்சுட்டு வரேன். அதுக்குள்ள பேசி முடிங்க.

அவன்: அண்ணே… அண்ணே! …போயிட்டார்.

அவள்: நீங்க அவர்கிட்ட என்ன சொன்னீங்க?

அவன்: மொதல்ல நீ சொல்லு.

அவள்: நீங்க.

அவன்: உனக்குத்தான் அவசரம். உதட்டைக் கடிச்சுட்டே இருக்கே.

அவள்: …சரி. அந்தப் பையைக் குடுங்க. சின்ன ஜிப். இந்தாங்க.

அவன்: என்ன அட்டை இது… உன் போட்டோ. ஏய், லைசன்ஸா!

அவள்: கடைக்கு எதிர்ல டிரைவிங் ஸ்கூல் இருக்கில்ல? மத்தியான சாப்பாட்டு நேரத்துல, மூணு மாசம். ஆட்டோமேட்டிக்லதான் கத்துக்கிட்டேன்.

அவன்: மூணு மாசமா மத்தியானம் சாப்பிடலையா நீ?

அவள்: லைசன்ஸைக் காட்டினா சாப்பாட்டைப் பத்திக் கேக்கறார் பாரு!

அவன்: எங்கயாவது இடிச்சியா?

அவள்: ஒரு தடவைகூட இல்ல. மொத டெஸ்ட்லயே பாஸ்.

அவன்: அடடா… அப்புறம் ஏன் மறைச்சே? நான் சிரிப்பேன்னா?

அவள்: சிரிச்சா சிரிச்சுட்டுப் போங்க. அதில்ல… போன மழைக்காலத்துல அப்பா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார். ஒண்ணரை மணி நேரம் அப்படியே கிடந்திருக்கார். நான் ரெண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்றதுக்குள்ள பக்கத்து வீட்டுக்காரங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. உங்களைக் கூப்பிட போனை எடுத்தேன். உங்க முகம் எப்படி மாறும்னு நினைச்சேன்… வச்சுட்டேன். அன்னைக்கே முடிவு பண்ணேன், இனிமே யார் தயவும் இல்லாம நானே ஓட்டிட்டுப் போகணும்னு. புதன்கிழமை கடையில ஸ்டாக் எடுக்கறோம், லேட்டாகும்னு சொன்னேனே, அதெல்லாம்கூட…

அவன்: தெரியும்.

அவள்: என்ன தெரியும்?

அவன்: எங்க போறேன்னு. மாத்திரை டப்பா மேல 'காலை', 'ராத்திரி'ன்னு உன் கையெழுத்து. 'ரா'வுக்குக் கால் இழுத்து எழுதுவியே, அதே மாதிரி.

அவள்: அந்த டப்பா அப்பா கட்டில் பக்கத்துலல்ல இருக்கு! நீங்க எப்படிப் பாத்தீங்க?

அவன்: நாலு ஞாயிறா புது கட்டடத்துல வயரிங் வேலைன்னு சொல்லிட்டுப் போனேன்ல…

அவள்: ஏங்க!

அவன்: அவர் விழுந்ததை நம்ம பொண்ணு சொன்னா. 'அப்பாகிட்ட சொல்லக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க, அதனால நான் சொல்ல மாட்டேன்'னு ஆரம்பிச்சு முழுசையும் சொல்லிட்டா.

அவள்: கழுதை… அப்பா கதவைத் திறந்தாரா?

அவன்: மொத ஞாயிறு திறக்கல. ஜன்னல் வழியா 'யாரு'ன்னார். 'உங்க மருமகன்'னேன். 'அப்படி எனக்கு யாரும் கிடையாது'ன்னுட்டார். அதுவும் நியாயம்தான். அவரும் ஏமாந்துதான் அந்த வண்டியை வாங்கினார்னு நட்டண்ணன் அன்னைக்கே தலையில அடிச்சுச் சொன்னார். எனக்குத்தான் காதுல ஏறல. தெரிஞ்சே தள்ளிவிட்டார்னு ஊர் முழுக்கப் பேசினேன்.

அவள்: அப்புறம்?

அவன்: அடுத்த ஞாயிறும் போனேன். ஜன்னல்கிட்ட நின்னு, 'மாமா, உங்களைத் திருடன்னு சொன்னது என் தப்பு'ன்னேன். அப்புறம், 'எழுந்து வர நேரமாகும், நில்லு'ன்னார். வாக்கரைத் தள்ளிட்டு அந்த ஹாலைத் தாண்டி வர நாலு நிமிஷம் ஆச்சு அவருக்கு. ஒவ்வொரு அடியும் கேட்டுச்சு. வெளியில நின்னவனுக்கு ஆறு வருஷமும் அந்த நாலு நிமிஷத்துல ஓடிடுச்சு.

அவள்: வாக்கர்… அப்ப டிக்கியை அளந்தது?

அவன்: மடிச்சா படுக்குமான்னு பாத்தேன். தாராளமா படுக்குது.

அவள்: ஏணின்னீங்க!

அவன்: நீ முட்டி வலிக்காரங்க பேசிக்கிட்டாங்கன்னியே!

அவள்: சும்மா இருங்க. ஒரு நிமிஷம் எதுவும் பேசாதீங்க.

அவன்: அழறியா?

அவள்: பேசாதீங்கன்னேன்ல… அப்பாவும் அழுத்தமான ஆளு! வாராவாரம் போறேன், உங்களைப் பத்தி ஒரு வார்த்தை விடல.

அவன்: என்கிட்டயும் உன்னைப் பத்தி விடல. டப்பாவைத்தான் திருப்பி வைக்க மறந்துட்டார்.

நட்டு: என்ன, முடிஞ்சுதா? டீ ஆறுது, புடிங்க. யோசிச்சு யோசிச்சு இந்த வண்டியைப் பிடிச்சேன். சீட்டு ஏறி இறங்கத் தோதா இருக்கணும்னு ஒருத்தர், கியரே இருக்கக்கூடாதுன்னு ஒருத்தர். வேற யார் கேட்டும் குடுக்கல. எடுத்துக்கறீங்களா, இல்லையா?

அவள்: எடுத்துக்கறோம்.

அவன்: டயர்?

நட்டு: சாயந்திரத்துக்குள்ள நாலும் புதுசு மாட்டிடறேன். பேப்பர் உங்க பேருக்கு மாற ஒரு வாரம் ஆகும். வண்டியை இன்னைக்கே எடுத்துட்டுப் போங்க, டாக்டரம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன். சரி, பட்டறை வரைக்கும் யார் ஓட்டறது?

அவன்: நான் இறங்கிக்கறேன். வாம்மா இந்தப் பக்கம்.

அவள்: நிஜமாவா? கத்த மாட்டீங்களே?

அவன்: மாட்டேன்.

அவள்: ஏங்க… இனிமே ஞாயித்துக்கிழமையெல்லாம் மூணு பேரும் சேர்ந்தே அப்பாவைப் பாக்கப் போலாமா?

அவன்: எதுக்குப் போகணும்? நம்ம கீழ் அறையில ஈரம் பிடிச்சிருக்குன்னு பூட்டி வச்சேனே, அங்க ஈரமும் இல்ல, ஒண்ணும் இல்ல. கட்டில் போட்டு, பாத்ரூம் சுவத்துல கைப்பிடி மாட்டி, தலைமாட்டுல அழைப்பு மணி வரைக்கும் வச்சாச்சு. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு உங்கப்பா நம்மகூட வந்து தங்க, ரெண்டு பையோட அவர் வீட்டு வாசல்ல உக்காந்திருப்பார். நான்தான் ஓட்டிட்டு வரேன்னு நினைச்சுட்டு இருக்கார் பாவம்… நீ போய் ஹாரன் அடி.