இரைச்சல் இல்லாத பதிவு

எனக்கு இரைச்சல் ஆகாது. அடுத்த அறையில் ஃப்ரிட்ஜ் ஓடினால்கூட எழுந்துபோய் அணைத்துவிட்டு வருவேன். பால் திரிந்துபோகும். என் மனைவி சிரித்துக்கொண்டே, "உங்க காதுக்குத் தனியா ஒரு வீடு கட்டணும்" என்பாள். கோபப்படத் தெரியாதவள். எங்களுக்குள் சண்டை இருந்ததா என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் இதைச் சொல்கிறேன். சண்டையே இல்லை.

விளம்பரங்களுக்கு இசை அமைப்பது என் தொழில். பாடுகிறவள் அவள்தான். அவள் குரலை ஸ்வரம் ஸ்வரமாகப் பிடித்துச் சாம்ப்ளரில் வைத்திருந்தேன். கீபோர்டில் விரல் வைத்தால், பிடித்து வைத்த குரலை அப்படியே பாடிக் காட்டும் பெட்டி அது. பழைய பெட்டி, மின்சாரம் போனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஃப்ளாப்பியில் எடுத்து வைக்கும் பகுதியும் கெட்டுவிட்டது. அதனால் யூ.பி.எஸ். மாட்டி, அணைக்காமலே வைத்துக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அவள் கழுத்தில் கட்டி வந்தது. ஆபரேஷனில் அவள் பிழைத்தாள், குரல் பிழைக்கவில்லை. தரையில் தகரத்தை இழுத்தது போல் ஆகிவிட்டது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பேச வருதுல்ல, போதும்" என்றாள். நான் எந்நேரமும் பெட்டியே கதி என்று கிடப்பதைப் பார்த்து, "எனக்குச் சக்களத்தி வந்தாச்சு" என்று கேலி செய்வாள். ஒருமுறை மட்டும் கேலி இல்லாமல், "அதுல பாடுறவ போயிட்டா. நான் இங்கதான இருக்கேன், என்னைப் பாருங்களேன்" என்றாள். அந்தப் புதுக் குரல் காதில் உரசியது, ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

யூ.பி.எஸ்.ஸின் பேட்டரி தளர்ந்துகொண்டே வந்தது. இனித் தாங்காது என்று, சாம்ப்ளரை வீட்டுக் கம்ப்யூட்டரோடு இணைத்து, ஒவ்வொரு ஸ்வரமாக ஒலிக்கவிட்டுப் பதிந்துகொள்ள முடிவு செய்தேன். இணைத்த உடனே அடியில் ஒரு முனகல் கேட்டது. இரண்டு கருவிகளுக்கும் தனித்தனியாக எர்த் இருந்தால் அப்படி வரும். எர்த் வயரைக் கழற்றிவிட்டால் போய்விடும். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். கருவியில் மின்சாரம் கசிந்தால் தொடுகிறவரைக் காப்பது அந்த வயர்தான், அப்படிச் செய்யக்கூடாது என்பதும் தெரியும். பெட்டிக்கு மின்சாரம் நிற்காதபடி பார்த்து, இரண்டிலும் கழற்றினேன். ப்ளக்கைத் திறந்து பார்த்து உங்களிடம் சொன்னவன் என் மச்சினன். அவன் அக்கா செத்திருக்கிறாள், அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

முனகல் நின்றது. பெட்டியைத் துடைக்கும்போது, "லேசா சுர்ருங்குதுங்க" என்றாள். "ஒண்ணும் ஆகாது, செருப்பு போட்டுக்க" என்றேன்.

அன்று மதியம் கடைசியாக ஒரே ஒரு ஸ்வரம் பாக்கி. அவள் தொட்டதிலேயே உச்சமான ஸ்வரம், ஒரே மூச்சில் இழுத்தது. பெட்டியின் பின்னால் ஒலி வயரைச் செருகும் ஜாக் ஆடிக்கொண்டே இருந்ததால் பதிவில் கரகரவென்று வந்தது. அவள் அறையைத் துடைத்து முடித்திருந்தாள். ஈரத் தரை, வெறுங்கால். "கொஞ்சம் இதை ஆடாம பிடிச்சுக்கோ" என்றேன். ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மறு கையால் பிடித்தாள்.

ஹெட்போன் போட்டிருந்தேன், ஒன்றும் கேட்கவில்லை என்று முதலில் எழுதிக் கொடுத்தேன். அது பொய்யில்லை. ஆனால் அவள் எனக்கு நேர் எதிரில் நின்றாள். வாய் திறந்திருந்தது. கை பெட்டியை விடவில்லை. அவள் என்னைத்தான் பார்த்தாள்.

யூ.பி.எஸ்.ஸின் சுவிட்ச் என் காலடியில் இருந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் போதும், எல்லாம் அணைந்திருக்கும். பெட்டியும்தான், கம்ப்யூட்டரும்தான். ஸ்வரம் அப்போது பாதியில் இருந்தது. மற்றதெல்லாம் பத்திரமாகிவிட்டதே, அது ஒன்று போனால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். நீங்கள் அதைக் கேட்டதில்லை. இனி அவளால் அதைப் பாட முடியாது என்பதையும் யோசியுங்கள்.

அதனால் நான் அழுத்தவில்லை. ஸ்வரம் முடியும்வரை காத்திருந்தேன். பிறகு முதலிலிருந்து ஓடவிட்டுச் சரிபார்த்தேன். ஒரு கரகரப்பு இல்லை. ஜாக்கை அவள் அவ்வளவு உறுதியாக ஒருநாளும் பிடித்ததில்லை. அவள் பெயரையே கொடுத்துச் சேமித்தேன். அதற்குப் பிறகுதான் சுவிட்சை அழுத்தினேன். அவள் விழுந்தாள். ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன்.

இதை என்னவென்று எழுதிக்கொள்வதானாலும் கையெழுத்துப் போடுகிறேன். கம்ப்யூட்டரை உங்கள் ஆட்கள் எடுத்து வந்துவிட்டதாகச் சொன்னார்கள். எங்காவது இடித்துவிடாமல், பார்த்து வைக்கச் சொல்லுங்கள். அவள் அதில் நல்லபடியாக இருக்கிறாள்.